'கெட்' வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கில அகராதியில் 'கெட்' (get) என்ற சொல்லுக்கு எதிரே அர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் அர்த்தம் பிடிபட்டுவிடும்.

1. அடுத்து ஒரு பொருள் வந்தால், வாங்கு அல்லது கிடை. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது ('காட்', got, என்பது 'கெட்' என்பதன் இறந்தகாலம்). 'ஐ காட் சம் மில்க்' என்றால் பெரும்பாலும் பால் வாங்கினேன். நாம் பிரித்துச் சொல்லும் இரண்டையும் ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது.

2. தன்மையைக் குறிக்கும் சொல் வந்தால், ஆகு. 'ஹி இஸ் ஆங்க்ரி' என்றால் கோபமாக இருக்கிறான். 'ஹி காட் ஆங்க்ரி' என்றால் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இதைத்தான் பலர் 'ஆங்கர் கேம் டு ஹிம்' என்று தமிழை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள்.

3. இடம் வந்தால், போய்ச் சேர். 'கெட் டு த ஸ்டேஷன்' சரி. ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் முன்னால் 'டு' வராது.

4. அதிகம் சறுக்கும் இடம் இது. சலூனுக்குப் போய்வந்து 'முடி வெட்டினேன்' என்போம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ கட் மை ஹேர்' என்றால் நீங்களே கத்தரி எடுத்து வெட்டிக்கொண்டதாகத்தான் முதலில் தோன்றும். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி. ஜாக்கெட் தைக்கக் கொடுத்ததும் இப்படித்தான்: 'ஐ காட் மை ப்ளவுஸ் ஸ்டிச்ட்'. பொருள் முதலில், வினையின் மூன்றாம் வடிவம் பிறகு. மாற்றிப்போட்டு 'காட் ஸ்டிச்ட் மை ப்ளவுஸ்' என்றால் வாக்கியமே நிற்காது.

செய்த ஆளையும் சொல்ல வேண்டுமானால் 'டு' கட்டாயம்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. பேசிச் சம்மதிக்க வைத்துக் கையெழுத்து வாங்கினேன் என்ற சாயல் இதில் உண்டு. 'ஐ மேட் ஹிம் சைன்' என்பதில் 'டு' கிடையாது; கட்டாயப்படுத்திய தொனி இருக்கும்.

5. முன்னால் 'ஹேவ்' நின்றால் கவனம். 'ஐ ஹேவ் காட் எ பைக்' என்றால் என்னிடம் பைக் இருக்கிறது. அமெரிக்கர்கள் புதிதாக வாங்கியதைச் சொல்ல 'ஹேவ் காட்டன்' (have gotten) என்பார்கள். 'ஹேவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும்.

பேச்சில் 'காட் இட்' என்றால் புரிந்தது. அலுவலகக் கடிதத்தில் 'ஐ காட் யுவர் லெட்டர்' கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும். அங்கே 'ரிசீவ்ட்' போடுங்கள்.