அந்தமானுக்குக் குழந்தைகளோடு போகிறீர்களா? முதலில் கடிகாரத்தைக் கவனியுங்கள்

முதல் முறை நாங்கள் அந்தமான் போனபோது பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. விடுதியில் நிதானமாகக் காலை உணவை முடித்துக்கொண்டு பத்தரை மணிக்கு ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மணல் சுட்டது. பெரியவன் காலை மாற்றி மாற்றி வைத்து அழுதான், சின்னவள் அவன் அழுவதைப் பார்த்து அழுதாள். பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். ஆசியாவின் அழகான கடற்கரைகளில் ஒன்று என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் நாங்கள் இருந்தது ஒரு மணி நேரம்.

தவறு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. அந்தமான் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, ஆனால் கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். அதனால் அங்கே சூரியன் நம் ஊரைவிட ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முந்தி ஓடும். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்து மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். சென்னையில் 12 மணியைத் தாண்டி வரும் உச்சி, அங்கே 11.20 வாக்கிலேயே வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். "வெயில் தாழட்டும், நாலரைக்குக் கிளம்பலாம்" என்று இருந்தால், பிள்ளை மணல்வீடு கட்டத் தொடங்கும்போது இருட்டியிருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு இது உண்மையில் வசதிதான். வெளிச்சம் வந்ததும் அவை தானாகவே எழுந்துவிடும். நாம்தான் போர்வையை இழுத்து மூடி, "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கு" என்று கெஞ்சுகிறோம். கெஞ்ச வேண்டாம். ஆறு மணிக்கு மணலில் இருங்கள், எட்டரைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிடுங்கள். பத்திலிருந்து இரண்டரை வரை அறையில் தூக்கம். மூன்று மணிக்கு மறுபடி கடற்கரை. மற்ற எல்லாத் திட்டத்தையும் இதைச் சுற்றித்தான் போட வேண்டும்.

ஒன்று மட்டும்: விடியற்காலையில் மணலோடு நிற்கட்டும். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010இல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றிருக்கிறது. பயந்து பயணத்தையே கைவிடத் தேவையில்லை, ஆனால் எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக நினைக்காதீர்கள். அலையாத்திக் காடும் ஓடைமுகமும் இருக்கும் பக்கம் தண்ணீரில் இறங்கவே கூடாது. மற்ற இடங்களிலும் உயிர்காப்பாளர் வந்த பிறகு, அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும்.

தீவுகளை எண்ணிக்கொண்டு போவது

அடுத்த பெரிய தவறு, ஐந்து நாளில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடங் என்று நான்கையும் முடித்துவிட நினைப்பது. (டிக்கெட்டில் வேறு பெயர் இருந்தால் குழம்பாதீர்கள். ஹேவ்லாக் 2018இலிருந்து சுவராஜ் தீவு, நீல் ஷாகித் தீவு. போர்ட் பிளேரும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் எல்லோரும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.)

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் பெட்டி கட்டுவது, கப்பல்துறைக்கு முன்கூட்டியே போய் நிற்பது, இறங்கியதும் வண்டி பிடிப்பது, அறை தயாராகும்வரை வரவேற்பறையில் பிள்ளையைச் சமாளிப்பது என்று சேர்த்தால் ஒரு தீவு மாறினால் பாதி நாள் போச்சு. ஐந்து வயதுக்குள் குழந்தை இருந்தால் போர்ட் பிளேர் தவிர ஒரே ஒரு தீவு போதும் என்பேன். எனக்கு நீல்தான் பிடித்தது. சின்னத் தீவு, எங்கே போனாலும் பத்து, பதினைந்து நிமிடம். பரத்பூர் கடற்கரையில் ஆழமில்லாத தண்ணீர் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும்.

பாராடங் சுண்ணாம்புக் குகை பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானது. அதற்கு விடியுமுன் எழுந்து ஜிர்காடங் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே வண்டிகள் ஒன்றாகத்தான் விடப்படும். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பிள்ளைக்கு அவசரம் என்றாலும் அதே விதிதான். அதன் பிறகு படகு, அதன் பிறகு நடை. இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய் வந்த ஒருவரைப் பார்த்தேன். அவர் குகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ராஸ் தீவு நேர் எதிர். போர்ட் பிளேரிலிருந்து சற்று நேரப் படகுப் பயணம், இறங்கினால் பக்கத்திலேயே புள்ளிமான்கள் மேயும். பிள்ளைகளுக்கு அது போதும்.

கப்பலில்

வேகக் கப்பல்கள் கண்ணாடி மூடிய குளிர்சாதன அறைகள்தான். மேல்தளத்தில் காற்று வாங்கலாம் என்ற கனவோடு போகாதீர்கள். குமட்டல் இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் படுத்தும், கைக்குழந்தைகள் பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கிவிடும். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி. நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கை கேளுங்கள். கைப்பேசியில் படம் போட்டுக் கொடுப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. குனிந்து திரையைப் பார்த்தால் வாந்தி சீக்கிரம் வரும், தூரத்தில் அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம், ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் எடைக்கேற்ற அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி பிள்ளைக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஒன்று கைப்பையில் இருக்கட்டும். அனுபவம்!

கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு போர்ட் பிளேரில் தங்கியே ஆக வேண்டும். காலையில் ஹேவ்லாக்கில் கப்பல் ஏறி மதியம் விமானம் பிடிப்பது கணக்குக்குச் சரியாக வரும், கடல் அந்தக் கணக்கைப் பார்க்காது. கோடை விடுமுறை என்று மே கடைசியில் போகிறவர்களுக்கு இதில் ஆபத்து அதிகம். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில் அந்தமான் பக்கம் தொட்டுவிடும். தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலில் போய்விடுங்கள்.

தண்ணீரும் மணலும்

கடல் வற்றும் நேரம், ஏறும் நேரம் இரண்டையும் விடுதியில் முந்தின இரவே கேட்டுவிடுங்கள். நீலில் இது மிக முக்கியம். வற்றம் என்றால் பல கடற்கரைகளில் நீந்தும் அளவுக்குத் தண்ணீரே இருக்காது, பவளப் பாறைதான் தெரியும். வெறுங்காலோடு விட்டால் பாதம் கிழியும், அந்தக் காயம் எளிதில் ஆறாது. அதே வற்றத்தில்தான் பாறைக் குழிகளில் மீன்குஞ்சும் கடல் அட்டையும் பார்க்கலாம். காலில் பட்டை வைத்த ரப்பர் செருப்பு இருந்தால் பாதத்தைப் பற்றிய கவலை குறையும்.

கைகளில் மாட்டும் காற்றடைத்த பட்டைகளும் வாத்து மிதவைகளும் விளையாட்டுப் பொருள்கள். கரைக்காற்று அடித்தால் பிள்ளையோடு உள்ளே போய்விடும். படகுக்காரர்கள் தரும் லைஃப் ஜாக்கெட் பெரும்பாலும் பெரியவர்கள் அளவு. கையைத் தூக்கினால் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவும். எடைக்கேற்ற, கால்களுக்கிடையே பட்டை உள்ள ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிப் போனோம். பெட்டியில் அது பிடித்த இடம்தான் கொஞ்சம் அதிகம். முழங்கால் தண்ணீர்தானே என்று திரும்பி நின்று படம் எடுக்காதீர்கள். மூழ்கும் குழந்தை சத்தம் போடாது.

திறந்த கடலில் ஸ்கூபா முழுக 10 வயது ஆக வேண்டும். அதைவிட முக்கியம், அப்பா அம்மா இருவரும் ஒரே நேரத்தில் முழுக முடியாது. ஒருவர் கரையில். யார் முதலில் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

மணல் ஈயைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாது, கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும், பிள்ளைகள் சொறிந்து புண்ணாக்கிவிடும். கையும் காலும் மூடும் நீச்சல் உடை வெயிலுக்கும் ஈக்கும் சேர்த்து உதவும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் களிம்பு வேண்டாம், நிழல்தான். ஆனால் தென்னை நிழலில் பாய் விரிக்காதீர்கள். தேங்காய் நேரம் சொல்லி விழாது.

சாப்பாட்டுக்காகக் குக்கரும் அரிசியும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. போர்ட் பிளேரில் தமிழ்க் குரல் கேட்காத தெரு குறைவு. இட்லி, ரசம் சாதம் சுலபமாகக் கிடைக்கும். ஹேவ்லாக்கிலும், நீலிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு, பெரிய மருத்துவமனை போர்ட் பிளேரில்தான். அதனால் காய்ச்சல் மருந்து, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வழக்கமாகக் குடிக்கும் பால் பவுடர் மூன்றும் கையோடு இருக்கட்டும். கரைசலைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் குத்துமதிப்பாகப் போடுவது தவறு. சின்னத் தீவில் கையில் ரொக்கமும் வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகளின் சட்டைப்பை. பவளத் துண்டுகளைத் தீவிலிருந்து எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்வார்கள். சங்கு, சிப்பியையும் அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பெரியவன் பொறுக்கிய நான்கு சங்குகளை அறை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத் தூங்கினான். காலையில் மூன்றுதான் இருந்தன. நான்காவது, உள்ளே இருந்த நண்டோடு, மணலில் மெல்லிய கோடு போட்டபடி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.