டேட்டிங் காமெடி பார்த்தே இங்கிலீஷ் பேசப் பழகலாம்

வெளிநாட்டில் வந்து இறங்கிய முதல் சில மாதங்களில் நம்மில் பலருக்கும் வரும் குழப்பம் இது. பள்ளிக்கூடத்திலிருந்தே இங்கிலீஷ் படித்தோம், இன்டர்வியூவும் அதில்தான் முடித்தோம், மீட்டிங்கில்கூட சமாளித்துவிடுகிறோம், ஆனால் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் சாதாரணமாக ஏதாவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்து வைக்கிறோம். நியூஸ் பாருங்கள் என்பார்கள். நான் சொல்ல மாட்டேன், நியூஸ் வாசிக்கிற மாதிரி லிஃப்டில் யாரும் பேசுவதில்லை. டேட்டிங், சோல்மேட் (நமக்கென்றே பிறந்த ஜோடி) என்று சுற்றுகிற காமெடித் தொடர்களைப் பாருங்கள்.

முதல் டேட் என்றால் என்ன? முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சை நகர்த்தப் படும் பாடு. என்ன வேலை, வார இறுதியில் என்ன செய்தீர்கள், பேச்சு நின்றுபோனால் எப்படித் திரும்பப் பிடிப்பது, பிடிக்கவில்லை என்றால் மனம் நோகாமல் எப்படி நழுவுவது. புது ஊரில் நமக்கு வேண்டியதும் இதேதானே.

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எடுப்பவர்களுக்கு இதில் நல்ல அடி விழும். ‘ஆர் யூ சீயிங் எனிஒன்?’ என்றால் யாருடனாவது பழகுகிறாயா என்று கேட்கிறார்கள். ‘ஷி ஸ்டுட் மீ அப்’ என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லை. ‘வீ ஹிட் இட் ஆஃப்’ என்பதில் அடிதடி எதுவும் கிடையாது, பார்த்ததுமே ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றியும் இதையே சொல்வார்கள். ‘பார்ட்னர்’ என்று ஒருவர் சொன்னால் எந்தத் தொழிலில் என்று கேட்டுவிடாதீர்கள், அது பெரும்பாலும் கூட வாழ்பவர்தான்.

‘மை அதர் ஹாஃப்’ என்பதும் அப்படித்தான், கணவனோ மனைவியோ. இந்தப் பாதிக்கணக்கு ரொம்பப் பழையது. கிரேக்கத் தத்துவஞானி பிளாட்டோவின் ‘சிம்போசியம்’ நூலில் அரிஸ்டோஃபனிஸ் ஒரு கதை சொல்வார்: ஆதியில் மனிதருக்கு நாலு கை, நாலு கால், இரண்டு முகம், கடவுள் ஜீயஸ் இரண்டாக வெட்டிவிட்டார், அன்றிலிருந்து ஒவ்வொரு பாதியும் மற்றப் பாதியைத் தேடி அலைகிறது. அரிஸ்டோஃபனிஸ் நகைச்சுவை நாடகக்காரர், ஆக சோல்மேட் சமாச்சாரம் காமெடிக்காரர்கள் கையில் இருப்பது ஒன்றும் புதிதில்லை.

சரி, வார்த்தைகளை எப்படியும் பொறுக்கிக்கொள்ளலாம். கஷ்டம் அவர்கள் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. வந்த புதிதில் கூட வேலை பார்த்த ஒருவர் ‘வீ ஷுட் ஹேங் அவுட் சம்டைம்’ என்றார். நான் உடனே போனை எடுத்து சனியா ஞாயிறா என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் ஒரு தொடரில், டேட் முடிந்து கிளம்பும் ஒருவன் ‘ஐ வில் கால் யூ’ என்கிறான், பின்னணியில் கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. எனக்கு எதுவும் புரியவில்லை. மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சொல்வதற்கு முன் அவன் அரை நொடி தயங்குகிறான், கண் கதவுப் பக்கம் போகிறது. கூப்பிடப் போவதில்லை! கிழமையைச் சொல்லிக் கூப்பிட்டால் அழைப்பு, ‘சம்டைம்’ என்று விட்டால் பெரும்பாலும் மரியாதை, நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

பார்க்கும் முறைக்கும் இந்தச் சிரிப்பொலிதான் அளவுகோல். கூட்டம் சிரித்து நீங்கள் சிரிக்கவில்லை என்றால் நிறுத்தி, பத்து நொடி பின்னால் போங்கள். ‘ஃபிரண்ட்ஸ்’ மாதிரி தொடர்களில் ஒரு எபிசோடு சுமார் 22 நிமிடம், அதில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் இங்கிலீஷ் சப்டைட்டிலோடு (தமிழில் போட்டால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும், காது தூங்கிவிடும்), பிறகு சப்டைட்டில் இல்லாமல், கடைசியாக அவர்கள் கூடவே வாய்விட்டு. வேகம் பிடிபடாது. ‘வாண்ட் டு’ அங்கே ‘வானா’ ஆகியிருக்கும், ‘டு யூ’ பாதி காற்றில் போயிருக்கும், விடாமல் பழகினால் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘ஃபிரண்ட்ஸ்’ 1994-ல் தொடங்கி 2004-ல் முடிந்தது, அந்தக் காலத்துக் கிண்டல்கள் சிலவற்றை இன்று ஆபீஸில் எடுத்துவிட்டால் எச்ஆர் கூப்பிடுவார்கள். வழிகிற வசனங்களைக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ‘இட்ஸ் நாட் யூ, இட்ஸ் மீ’ (குறை உன்னிடம் இல்லை, என்னிடம்தான்) என்ற பிரிவு வசனத்தை எத்தனையோ காமெடிகள் துவைத்து எடுத்தாகிவிட்டது, சீரியஸாகச் சொன்னாலும் சிரிப்பார்கள். முடிந்தால் நீங்கள் இருக்கும் நாட்டுத் தொடரையே பிடியுங்கள். பிரிட்டனில் ‘டு யூ ஃபேன்சி எ வாக்?’ என்றால் நடந்துவிட்டு வரலாமா என்பது, ‘டு யூ ஃபேன்சி ஹிம்?’ என்றால் கதையே வேறு, அவன்மேல் உனக்கு ஒரு கண்ணா என்று கேட்கிறார்கள்.

வாய்விட்டுப் பேசும்போது கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஐ திங்க் வீ ஷுட் சீ அதர் பீப்பிள்’ (நாம் பிரிந்து வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்) என்று நான் அறைக்குள் ஏழெட்டு தடவை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஒரே வீட்டில் தங்கியிருந்தவர் பயந்துபோய்க் கதவைத் தட்டினார். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே வந்து உட்கார்ந்து, எதிர் வசனத்தை அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.