வீட்டுக் காவலுக்கு மலிவு விலைத் துப்பாக்கி: நம் பக்கத்தில் செய்கிற தவறுகள்

பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் இடையே முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் தனித்தனியாக நிற்கும் வீடுகள் நிறைய உண்டு. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். வீட்டில் வயதான இருவர், ஒரு நாய், அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, மரங்கள் சாய்ந்து, பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை அனுபவித்தவர்களுக்கு இருட்டு என்றால் என்ன என்று தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் "குறைந்த விலையில் ஒரு துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் அதில் தப்பே இல்லை. ஆனால் கேட்பவர்களில் பலர் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வாங்க வேண்டிய மாடலையே முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

அந்தக் காணொளிகள் வீட்டுக்குள் திருப்ப வசதி என்று சொல்லி, ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளைச் சிதறும் ஷாட்கனுக்கு 18 அல்லது 18.5 அங்குலக் குழலைப் பரிந்துரைக்கும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 18 அங்குலத்தைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருப்பதால் அங்கே அது செல்லும். இங்கே எல்லை 20 அங்குலம். அதற்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கனைச் சாதாரணக் குடிமகன் வாங்க முடியாது. நீளமான பழைய குழலைப் பட்டறையில் கொடுத்து அறுத்துக் குட்டையாக்குவதும் ஆயுதச் சட்டப்படி தனிக் குற்றம். உரிமம் வைத்திருப்பவருக்கும் இதே விதிதான்.

அடுத்த தவறு, துப்பாக்கியை முதலில் பார்த்துவிட்டு உரிமத்தைப் பிறகு யோசிப்பது. "கொஞ்சம் முன்பணம் கொடுங்கள், லைசென்ஸ் நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பம் போகும். காவல் நிலைய விசாரணை நடக்கும். உடல், மன நலச் சான்றிதழும், துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும், வீட்டில் பூட்டிப் பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் தேவைப்படும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும் தேதியை மறந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைப் (ஷாட்கன் இந்த வகைதான்) 'பாதுகாப்பு அல்லது விளையாட்டு' என்ற நோக்கத்துக்காகக் கேட்கும் குடிமகனைக் கொஞ்சம் இலகுவாகவே நடத்துகிறது. பிஸ்டல் கேட்பவர் தன் உயிருக்கு என்ன ஆபத்து என்று கூடுதலாக விளக்க வேண்டியிருக்கும். ஆகவே வீட்டுக் காவல்தான் நோக்கம் என்றால் 12 போர் (போர் என்பது குழல் துளையின் அளவு) ஷாட்கனைக் கேட்பதே அறிவுடைமை. தனி வீடு, அருகில் ஆள் நடமாட்டம் இல்லை, முன்பு திருட்டு நடந்து முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது என்பது போன்ற விவரங்களை ஆதாரத்துடன் எழுதுங்கள்.

யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதில் பல குடும்பங்கள் சறுக்குகின்றன. மகன் படித்தவன், வரி கட்டுகிறான், அவன் பெயரில் எடுத்தால் சுலபம் என்று நினைக்கிறார்கள். மகன் துபாய்க்குப் போய்விடுகிறான். துப்பாக்கி தோப்பு வீட்டில் அப்பாவிடம் இருக்கிறது. உரிமம் ஒருவருடையது, ஆயுதம் இன்னொருவர் கையில் என்றால் அந்த அப்பா சட்டத்தின் கண்ணில் உரிமமில்லாதவர். வீட்டில் நிரந்தரமாகத் தங்குகிறவர் பெயரில் மட்டுமே விண்ணப்பியுங்கள்.

விலை மலிவு என்று நாட்டுத் துப்பாக்கி பக்கம் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. அதைவிடக் கொடுமை, ஏதோ ஓர் இரும்புக் குழாயில் செய்த குழல் வெடித்தால் போவது சுடுகிறவரின் கையும் கண்ணும்.

நியாயமான வழியில் மலிவாகக் கிடைப்பது பழைய துப்பாக்கிதான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தாத்தா காலத்து இரட்டைக் குழல் பரணில் இருக்கிறது, அதையே துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், உரிமதாரர் இறந்த பிறகு அது வீட்டில் இருக்கவே கூடாது என்பதை அறிவதில்லை. தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசாக விண்ணப்பிக்க வேண்டும். தாத்தா உயிரோடு இருக்கும்போதே அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றிக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. இதைத் தெரிந்துகொண்டால் பல குடும்பங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம். வெளியாளிடம் வாங்குவதாக இருந்தால், விற்பவர் அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்துமூலம் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். நாளைக்கே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்பவரிடம் வாங்கவே கூடாது.

சட்டம் முடிந்தால் இரும்பைப் பாருங்கள். கடலோரத்து உப்புக் காற்று நம் ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று பார்த்திருப்பீர்கள். குழலின் உட்புறத்தையும் அதே போலத்தான் தின்னும். துப்பாக்கியை மடித்துத் திறந்து, குழல் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளத்தால் நல்லது. அம்மைத் தழும்பு போல் குழிகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மூடிய நிலையில் குழலும் அது பூட்டிக்கொள்ளும் பின்பக்க இரும்பு உடலும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. குழலின் வெளியே அலை அலையாகப் பின்னல் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழலாக, அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த பழைய குழலாக, இருக்கலாம். கரும்பொடி என்ற பழைய வெடிமருந்து காலத்து அந்தக் குழல்களில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால் வெடிக்கும் அபாயம் உண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70. உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதால் சரி என்று எண்ணாதீர்கள். சுடும்போது தோட்டா முனையின் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சுத் தயாரிப்பு எதுவும் கைக்கு வந்தால் அது 16 போரா என்று முதலில் பாருங்கள். பிரான்சில் அந்த அளவு மிகவும் புழக்கத்தில் இருந்தது. இங்கே அதற்குத் தோட்டா தேடுவது பெரும்பாடு. அனுபவமுள்ள துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒற்றைக் குழலா, இரட்டைக் குழலா? பணம் மட்டும் பார்த்தால் ஒற்றைக் குழல். ஆனால் அது எடை குறைவு. எடை குறைந்தால் தோளில் விழும் உதை கூடும். அறுபது வயதைத் தாண்டியவர் முதல் முறை சுட்டதும் இரண்டாவது முறை சுட அஞ்சுவார். என் தேர்வு, நல்ல நிலையில் உள்ள எளிய இரட்டைக் குழல். அலங்காரச் செதுக்கலுக்கும் வெளிநாட்டுப் பெயருக்கும் தரும் பணத்தைப் பூட்டும் இரும்புப் பெட்டிக்கும் பயிற்சிக்கும் தாருங்கள். ஏர்கன் வாங்கினால் போதாதா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது குறி பார்த்துப் பழகும் கருவி. வீட்டுக் காவலுக்கு உதவாது.

குறி பார்க்கவே வேண்டாம், பால்ரஸ் குண்டுகள் அறை முழுக்கப் பரவும் என்ற நம்பிக்கை மிகவும் ஆபத்தானது. தோராயக் கணக்குப்படி ஒரு கஜ (மூன்று அடி) தூரத்துக்கு ஓர் அங்குலம் விரியும். பதினைந்து அடி நீளக் கூடத்தில் அது ஐந்து அங்குலம்தான். குறி தவறினால் அத்தனை குண்டும் தவறும். தவறிய குண்டு எங்கே போகும்? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தடுக்கும். பிளைவுட் கதவும், ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பும், கீற்றும் தடுக்காது. கடலூர் முதுநகரில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வீடுகளிலோ தேவனாம்பட்டினத்து நெருக்கமான தெருக்களிலோ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் தூங்குகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் துப்பாக்கியை நினைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எப்போது சுடலாம் என்று தெரியாமல் வாங்குவது இன்னொரு பெருந்தவறு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல் போன்ற சூழல்களில் உயிர்ச்சேதம் வரை தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. 37ஆம் பிரிவோ தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்யக் கூடாது என்கிறது. காவல் துறை உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்றும் சொல்கிறது. தென்னந்தோப்பில் தேங்காய் திருடிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால் நீதிமன்றத்தில் நிற்காது. 112ஐ அழைப்பதும், விளக்கைப் போடுவதும், குரல் கொடுப்பதும் முதலில். காட்டுப்பன்றி, மயில் மீது சுட்டால் வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும்.

வைக்கும் இடம். தலையணைக்கு அடியிலோ கதவு மூலையிலோ வேண்டாம், பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் வீட்டில் சொல்லவே வேண்டியதில்லை. குண்டு ஏற்றாமல், இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் வையுங்கள். 2015 வெள்ளத்தில் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாகப் பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறையாவது குழலுக்குள் எண்ணெய்த் துணி விட்டு இழுங்கள். தோல் உறையில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பழுது பார்க்க எடுத்துப் போகும்போது முள்ளோடையைத் தொட்டால் அது வேறு நிர்வாகம். உங்கள் உரிமத்தில் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கிறதோ அதற்கு வெளியே துப்பாக்கியுடன் போகக் கூடாது. பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தானே என்று நினைத்து வழக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவுகள் வரும் வரை பல வாரங்கள் அது உங்கள் வீட்டில் இருக்காது. அதனால் கொல்லைப்புறக் கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கம்பி, முற்றத்துக்கு விளக்கு ஆகியவற்றை உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.