பீட்ரூட் சிவப்பை உதட்டுக்குக் கொண்டுவர

பீட்ரூட்டை வைத்து உதட்டுச்சாயம் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஒரு சின்னச் சோதனைக்குக் கிண்ணம் எடுங்கள். துருவிப் பிழிந்த சாறு இரண்டு கரண்டி ஊற்றி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சுண்டைக்காய் அளவு கரையுங்கள். ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்திலிருந்து எடுத்துத்தான் நான் பார்த்தேன். சிவப்பு கலங்கி, ஊதாவாகி, கடைசியில் மஞ்சளாக நின்றது. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். பீட்ரூட் அதற்கு நேரெதிர்.

அந்தச் சிவப்பின் பெயர் பெட்டானின். சுண்ணாம்பு போன்ற காரப் பொருள், சூடு, வெளிச்சம் எதையும் தாங்காது. எண்ணெயில் கரையவும் செய்யாது. இது தெரியாமல் பாளையங்கோட்டை வீட்டில் காஸ்டிக் சோடா சோப்பில் சாற்றை ஊற்றிப் பத்துக் கட்டி வார்த்தேன். அத்தனையும் பழுப்பாகிவிட்டன. தேன்மெழுகில் பொடியைக் கலந்தேன். நிறம் இறங்கவில்லை, உதட்டில் மணலாக நெருடியது. கிளிசரின்தான் கைகொடுத்தது.

மகாராஜநகர் உழவர் சந்தையில் கால் கிலோ வாங்குங்கள். கையில் கனமாக, அழுத்தினால் அமுங்காமல் இருக்க வேண்டும். தோல் சீவி, அப்பளம்போல மெல்லியதாக அரிந்து, மின்விசிறிக்குக் கீழே நிழலில் பரப்புங்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்தால் மொட்டைமாடிக்கு எடுத்துப் போகத் தோன்றும். போகாதீர்கள், நிறம் வெளுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், காய்வதற்குள் பூசணம் பிடிக்கும். ஒடித்தால் 'படக்'கென்று முறிய வேண்டும், பிறகு அரைத்துப் பொடியாக்குங்கள். பீட்ரூட்டில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர் என்பதால், கால் கிலோவுக்கு 30 கிராம் பொடி கிடைத்தாலே அதிகம்.

பொடி 10 கிராம், கிளிசரின் 75 கிராம், காய்ச்சி வடித்த நீர் 25 கிராம், சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை. கண்ணாடிப் புட்டியில் கலந்து, புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பிஹெச் தாளில் 5-க்கு அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் துணி சுற்றி ஒரு வாரம் அலமாரியில் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். மல் துணியில் வடிக்கும்போது அடர்ந்த மாதுளைச் சிவப்பு நூலாக இறங்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் மனம் நிறைகிறது.

கடைப் புட்டிகளில் 'பீட்டைன்' என்று எழுதியிருப்பது வேறு. அது சர்க்கரை எடுக்கும் 'சுகர் பீட்' கிழங்கின் பாகுக்கழிவிலிருந்து எடுக்கும் நிறமற்ற பொருள். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். நாம் வடித்தது சாயம். தோலை வெளுக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முழங்கையின் உள்பக்கம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு பன்னீர் சேர்த்து உதட்டில் தொட்டுக்கொள்ளலாம். பன்னீர் சேர்த்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். மீதிப் புட்டி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். சிவப்பு பழுப்படித்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.