மாருதி எஸ்டீமில் டைமிங் பெல்ட் மாற்றும்போது கேம் டைமிங் வைப்பது

டைமிங் பெல்ட் என்பது கிராங்க்கையும் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இணைத்துச் சுற்ற வைக்கும் பல் பெல்ட். பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே இரண்டின் மார்க்கையும் அதனதன் குறிக்கு நேராகச் சேர்த்துவிடுங்கள், இதுதான் முக்கியம். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் எஞ்சின் கையில் லேசாகச் சுற்றும். கிராங்க் போல்ட்டைக் கடிகார முள் திசையில் மெதுவாகத் திருப்பி, கேம் புல்லியின் (கேம் முனையில் உள்ள பெல்ட் சக்கரம்) மார்க்கை ஹெட் (எஞ்சினின் மேல் பகுதி) பக்கம் இருக்கும் V குறிக்கு நேராகவும், கிராங்க் பல்சக்கரத்தில் உள்ள சின்னப் புள்ளியை ஆயில் பம்ப் மேல் இருக்கும் அம்புக்குறிக்கு நேராகவும் கொண்டுவாருங்கள். வெளிப்புற கிராங்க் புல்லியில் தெரியும் குறி இக்னிஷன் டைமிங்குக்கானது (பிளக் பொறி விடும் நேரம்), அதை நம்பி பெல்ட் மாட்டாதீர்கள்.

புது பெல்ட்டை மாட்டும்போது டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் உருளை) இல்லாத பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வரட்டும். அப்புறம் கையாலேயே கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், கேம் அதில் ஒரே சுற்றுதான் சுற்றும். இரண்டு மார்க்கும் மறுபடி நேராக நின்றால் டென்ஷனரை இறுக்கலாம். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் வண்டி இழுக்காது. சுற்றும்போது எங்காவது தட்டி நின்றால் பலம் போட்டுத் திருப்பவே கூடாது.