நாய்க்கு மூளைக்கட்டி சந்தேகமா? ஸ்கேனுக்கு முன்னும் பின்னும்

ஐந்தாறு வயதைத் தாண்டிய நாய்க்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் மூளைக்கட்டியையும் சந்தேகப்பட வேண்டும். சுவரில் தலையை அழுத்தி நிற்பது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, தட்டில் ஒரு பாதியை மட்டும் தின்றுவிட்டு மறுபாதியைத் தொடாமல் போவது போன்றவையும் அறிகுறிகளே. வலிப்பைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். இதயக்கோளாறால் வந்த மயக்கமா, வலிப்பா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க அது உதவும்.

உடனே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். ரத்தச் சர்க்கரை, கல்லீரல், ரத்த அழுத்தம் மூன்றையும் முதலில் பாருங்கள். நம் மலேசியாவில் உண்ணிக்காய்ச்சல் பரிசோதனையை விடவே கூடாது: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்து மூளையில் ரத்தம் கசிந்தாலும் வலிப்பு வரும். நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும். வேறெங்கோ தொடங்கிய புற்று மூளைக்குப் பரவியிருக்கலாம்.

சிடி மலிவு, விரைவும்கூட. ஆனால் சிறுமூளை, மூளைத்தண்டுப் பக்கம் தடித்த எலும்பு கோடுகோடாக நிழல் விழுத்தும். சிறு கட்டி அதில் மறைந்துவிடும். சிடியில் ஒன்றுமில்லை என்பதால் நிம்மதியடைய முடியாது. எம்ஆர்ஐதான் சரி.

பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் போவதானால், முழு மயக்கம் தருவார்களா, கட்டியைப் படத்தில் எடுப்பாகக் காட்டும் கடோலினியம் சாயத்தை ஊசியில் போடுவார்களா என்று முன்பே கேளுங்கள். சாயத்தின் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல்; மில்லிக்கு 0.5 மில்லிமோல் செறிவுள்ள மருந்தில் 10 கிலோ நாய்க்கு 2 மில்லி. முந்தைய இரவே சாப்பாட்டை நிறுத்தலாம், காலை வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. எப்போது, எதோடு கொடுப்பது என்று மயக்க மருத்துவரிடம் கேளுங்கள். கழுத்துப்பட்டை, மணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழுத்துச் சிப் பெரும்பாலும் மூளைப் படத்தைக் கெடுக்காது. பழைய ஏர்கன் குண்டு உடம்பில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வீக்கம் வற்றிப் படம் மாறியிருக்கும்.

மூளையுறையில் அகலமாக ஒட்டி, சாயத்தில் சீராக ஒளிர்ந்து, ஓரத்தில் வால்போல் நீண்டால் மெனிஞ்சியோமா, அதாவது மூளையுறைக் கட்டி, என்று நினைக்கலாம். மூளைத்திசுவுக்குள்ளே உட்கார்ந்திருந்தால் கிளையோமா, அதாவது மூளைத்திசுவிலேயே முளைக்கும் கட்டி, என்று நினைக்கலாம். இது பாக்ஸர், பிரெஞ்சு புல்டாக் நாய்களில் அதிகம். சில கிளையோமாக்கள் சாயமே வாங்காது. மூளையழற்சியும் பக்கவாதமும் கட்டிபோல் வேஷம் போடும். படம் ஊகம்தான், உறுதிசெய்வது திசுப் பரிசோதனை. படத்தில் மூளை அழுத்தம் கூடியிருப்பது தெரிந்தால் பரிசோதனைக்காக முதுகுத்தண்டு நீர் எடுக்கக் கூடாது. மூளை கீழே பிதுங்கிவிடும்.

கடும் வலிப்புக்கு அடுத்த நாளே எடுத்த படத்தில் மூளையின் பக்கவாட்டுப் பொட்டுப்பகுதி வெளுத்துத் தெரிந்தால் கட்டி என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். வலிப்பே அப்படிச் செய்யும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் பெரும்பாலும் மறைந்திருக்கும்.