கைபேசி வாசலில், கணக்கு உள்ளே

அரிசி ஆலைக்குள் இணையம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், கைபேசியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். இலங்கையின் கிழக்கே சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஆலை ஆலையாகப் போய்க் கணக்கு எழுதுவது என் தொழில். தகரக் கூரையும் தடித்த சுவரும் உச்சிவரை அடுக்கிய நெல் மூட்டையும் சேர்ந்துவிட்டால், டவர் அடுத்த தெருவில் இருந்தாலும் உள்ளே சிக்னல் தேறாது. அதே கைபேசி வாசலில் நன்றாக எடுக்கும். அப்படியானால் அது வாசலிலேயே இருக்கட்டும், நீங்கள் மேசையில் இருங்கள். இடையிலுள்ள தூரத்தை, கைபேசியின் இணையத்தை வைஃபையாக மடிக்கணினிக்குக் கொடுக்கும் ஹொட்ஸ்பொட் பார்த்துக்கொள்ளும்.

நான் கைபேசியைத் துணிப்பையில் போட்டு வாசல் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். வெயில் படாத பக்கமாகப் பாருங்கள். சூடேறினால் கைபேசி தானாகவே மந்தமாகிவிடும். கட்டுவதற்கு முன் செட்டிங்ஸில் மூன்று வேலை. ஹொட்ஸ்பொட் அலைவரிசையை 2.4 கிகாஹேர்ட்ஸில் வையுங்கள். 5 வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டச் சோம்பல்படும். ஐபோன் 12 முதல் வந்தவற்றில் ‘மெக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்பதை இயக்கினால் இதே மாற்றம் நடக்கும். அடுத்து, அண்ட்ரொய்ட்டில் யாரும் இணையாவிட்டால் ஹொட்ஸ்பொட் சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும். அந்தத் தெரிவை நிறுத்துங்கள். டேட்டா சேவர் இயங்கிக்கொண்டிருந்தால் ஹொட்ஸ்பொட் வேலை செய்யாது, அதையும் நிறுத்த வேண்டும். ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கணினி இணையும்வரை ‘பர்சனல் ஹொட்ஸ்பொட்’ திரையை விட்டு வெளியே வராதீர்கள்.

சிக்னல் கிடைத்த பிறகுதான் உண்மையான தலைவலி. மடிக்கணினிக்கு வைஃபை என்றால் எல்லாம் வைஃபைதான். அது வீட்டு இணைப்பா, நீங்கள் காசு கொடுத்து ரீலோட் செய்த சிம்மா என்று பெரும்பாலும் அதற்குத் தெரியாது. விண்டோஸ் புதுப்பிப்பு ஒரு பக்கம், கோப்புகளைத் தானாக இணையத்துக்கு ஏற்றும் ஒன்ட்ரைவ் இன்னொரு பக்கம். வரம்பு உடைந்த வயலுக்குத் தண்ணீர் கட்டுவதுபோல, கணக்கில் ஒரு வரி எழுதுமுன் டேட்டா வடிந்துவிடும்.

எனவே இணைந்த கையோடு, விண்டோஸ் 11 செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் பெயரின் ப்ரொபர்டீஸுக்குள் ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்பதை இயக்குங்கள். இது அளவோடு செலவழிக்க வேண்டிய இணைப்பு என்று கணினிக்குச் சொல்வதுதான் அது. ஒன்ட்ரைவ் ஒதுங்கிவிடும், பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். ஒரு பெயருக்கு ஒருமுறை செய்தால் போதும். ஹொட்ஸ்பொட்டின் பெயரை மாற்றினால் மீண்டும் செய்ய வேண்டும். குரோமில் திறந்து மறந்துபோன யூடியூப் பக்கம் மட்டும் இந்தக் கட்டளைக்கு அடங்காது, அதை நீங்களே மூட வேண்டும். யார் எவ்வளவு தின்றார்கள் என்று அதே நெட்வொர்க் பகுதியில் ‘டேட்டா யூசேஜ்’ காட்டும். பார்த்தால் கோபம் வரும், ஆனாலும் பாருங்கள்.

பக்கேஜ் வாங்கும்போதும் கவனம். வாட்ஸ்அப்புக்கும் முகநூலுக்கும் மட்டும் என்று மலிவாக விற்பது மடிக்கணினி வேலைக்கு உதவாது. மற்றத் தளங்களைத் திறந்தால் பணம் வேறு கணக்கிலிருந்து போகும். நள்ளிரவுக்குப் பிந்திய டேட்டாவும் அப்படித்தான். பகலில் அது இருந்தும் இல்லாததுதான்.

மின்சாரம் இருக்கும் இடத்தில், சிக்னலும் மேசைவரை வந்தால், நான் வைஃபையையே விட்டுவிடுவேன். கேபிளால் இணைத்து ‘யூஎஸ்பி டெதரிங்’ போட்டால் இணைப்பு உறுதியாக இருக்கும், கைபேசியும் சார்ஜ் ஏறும். அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தால் கைபேசியைக் குற்றம் சொல்லாதீர்கள். தெருவோரத்தில் மலிவாக வாங்கும் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே இருக்கிறது, தரவு போகும் கம்பி கிடையாது. கைபேசியோடு பெட்டியில் வந்த கேபிளைத் தேடி எடுத்துச் செருகிப் பாருங்கள். விண்டோஸ் இந்த இணைப்பை ஈதர்நெட் என்று காட்டும். வைஃபையில் செய்த மீட்டர்ட் ஏற்பாடு இதற்குச் செல்லாது. தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். நம் பக்கத்தில் ஒன்று படுத்தால் மற்றது எழும்பட்டும் என்று பலர் இரண்டு வைத்திருக்கிறோம். டேட்டா ஒரு சிம்மில் ஓடும்போது மற்றதில் அழைப்பு வந்து நீங்கள் எடுத்தால், பல கைபேசிகளில் டேட்டா நின்றுவிடும். நவம்பர் 30 வருமான வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள். அன்றைக்குப் பார்த்து ஆலை முதலாளி, “தங்கச்சி, அனுப்பியாகிவிட்டதா?” என்று கேட்க அழைப்பார். அழைப்பை எடுத்தால் அனுப்புவது அறுந்துவிடும். இரண்டு சிம்மிலும் வோல்ட்டி, அதாவது அழைப்பை 4ஜி வழியே எடுக்கும் வசதி, இயங்குகிறதா என்று பாருங்கள். ‘அழைப்பின்போது டேட்டா மாற்றம்’ என்ற வகையில் ஒரு தெரிவு இருந்தால் அதையும் இயக்குங்கள். இல்லாவிட்டால் அனுப்பி முடியும்வரை மற்ற சிம்மை அணைத்து வைப்பதே நல்லது.

பொத்துவில் பக்கம் பஸ்ஸில் போகும்போது நான் ஹொட்ஸ்பொட்டைத் தொடுவதே இல்லை. தேவையான கோப்பைப் புறப்படுமுன் இறக்கிவிடுவேன், கூகுள் மேப்ஸிலும் அந்தப் பகுதியை இணையமில்லாமல் பார்க்கும்படி சேமித்துவிடுவேன். இறங்கியதும் சிக்னல் இருந்தும் இணையம் வராவிட்டால், ஏரோப்பிளேன் மோடைப் போட்டு எடுங்கள். கைபேசி டவரைப் புதிதாகத் தேடும்.

கடைசியாகக் கடவுச்சொல். ஆலையில் வேலை செய்யும் பையன்கள் நல்ல பிள்ளைகள், ஆனால் ஒருவனுக்குச் சொன்னால் தேநீர் வேளைக்குள் எல்லோர் கையிலும் டிக்டொக் ஓடும். எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று ஹொட்ஸ்பொட் பக்கத்திலேயே தெரியும்; பல கைபேசிகளில் எண்ணிக்கையை ஒன்றாகக் கட்டுப்படுத்தவும் முடியும். நான் ஒன்றில்தான் வைத்திருக்கிறேன். பையன்கள் கேட்டால், கணினிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம்.